காலனி என்று போடலாமா?

ஞாயிற்றுக்கிழமைகளில் கடம்பத்தூரில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளோடு உட்காருகிறேன். ஐ.டி.ஐ. முடித்தவர்கள், டிப்ளமோக்காரர்கள், பி.காம். முடித்துவிட்டு வீட்டோடு இருக்கிற பெண்பிள்ளைகள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஆள் எடுக்கிறார்களா, காக்களூர் எஸ்டேட்டில் எடுக்கிறார்களா என்று விசாரிப்பது, பயோடேட்டா எழுதிப் பார்ப்பது, ஒருவர் கேள்வி கேட்க இன்னொருவர் பதில் சொல்லி இன்டர்வியூவுக்குப் பழகுவது, இதுதான் எங்கள் வேலை. போன மாதம் ஒரு தம்பி தான் எழுதிக்கொண்டிருந்த தாளை என் பக்கம் தள்ளிவிட்டுக் கேட்டான்: "அண்ணா, அட்ரஸ்ல காலனின்னு போடணுமா? தெரு பேரை மட்டும் போட்டா ஒத்துக்க மாட்டாங்களா?"

யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். எனக்கு உடனே பதில் வரவில்லை. பயோடேட்டா எழுதச் சொல்லித் தருகிற புத்தகங்கள் பிழையில்லாமல் எழுது, கண்ணைப் பார்த்துப் பேசு, சட்டையை அயர்ன் பண்ணிப் போடு என்கின்றன. எல்லாம் சரிதான். இந்தக் கேள்விக்கு மட்டும் அவற்றில் பதில் கிடையாது. நம் வரலாற்றில்தான் தேட வேண்டியிருக்கிறது.

வேலைக்காகத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பது நமக்குப் புதிதல்ல. வெள்ளைக்காரன் காலத்துச் சென்னையில் துரை வீடுகளில் பட்லராக, சமையற்காரராக, ஆயாவாக உழைத்தவர்களில் நம் சனங்கள் ஏராளம். ஒரு துரை சீமைக்குப் போகும்போது, ஆள் நம்பிக்கையானவன் என்று ஒரு சிட்டு எழுதிக் கொடுப்பான். அதைப் பத்திரப்படுத்தி அடுத்த துரையிடம் நீட்ட வேண்டும். நம்முடைய முதல் பயோடேட்டாவை எழுதியவன் எசமான். பழைய செங்கல்பட்டு ஜில்லாவின் (திருவள்ளூர் 1997இல்தான் தனி மாவட்டம் ஆனது) படியாள்களுக்கோ அந்தச் சிட்டும் இல்லை. பட்ட கடனுக்காகப் பண்ணையில் கட்டுண்டு கிடந்தார்கள். கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் செங்கல்பட்டுப் பறையர்கள் பற்றி அரசுக்கு எழுதிய குறிப்பு இந்த நிலைமையைப் பேசுகிறது. அதன் தொடர்ச்சியாகத்தான் 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது.

அதே ஜில்லாவில், மதுராந்தகம் பக்கம் கோழியாளத்தில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். 1939இல் வெளிவந்த தன் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் கோயமுத்தூர்ப் படிப்பைப் பற்றி ஒரு செய்தி சொல்கிறார். கூடப் படித்த சுமார் 400 பேரில் பத்துப் பேர் தவிர மற்றவர்கள் பார்ப்பனர்கள். பழகினால் தன் சாதியையும் குடும்பத்தையும் இருப்பிடத்தையும் கேட்டுத் தெரிந்துகொண்டு இழிவாக நடத்துவார்களே என்று பயந்து, வெளியில் எங்காவது இருந்து படித்துவிட்டு, மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் நுழைவாராம்.

சாதி, குடும்பம், இருப்பிடம். இந்த மூன்றையும் வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மணி அடிக்கும்வரை ஒளிந்திருந்த அந்தப் பிள்ளைதான் 1893இல் பத்திரிகை தொடங்கி அதற்குப் 'பறையன்' என்று பெயர் வைத்தார். அந்த ஆண்டு ஜூன் மாதம் பிரிட்டிஷ் காமன்ஸ் சபை, ஐ.சி.எஸ். தேர்வை லண்டனில் நடத்துவது போலவே இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அது காங்கிரசின் பலநாள் கோரிக்கை. பறையர் மகாஜன சபை அதை எதிர்த்தது. 3412 பேர் கையெழுத்திட்ட, 112 அடி நீளமான மனு இங்கிலாந்துக்குப் போனது. இந்த மனுவை நினைத்துச் சங்கடப்படும் தேசபக்த நண்பர்கள் இன்றும் உண்டு. ஆனால் அதன் பின்னால் இருந்த கேள்வி நேரானது: பள்ளிக்கூட வாசலிலேயே நம்மை நிறுத்திவிட்டு, எல்லோருக்கும் ஒரே தேர்வு என்றால் யார் பாஸ் பண்ணுவார்கள்? பாஸ் பண்ணி வந்து யார் தலையில் உட்காருவார்கள்?

இந்தக் கேள்விக்குப் பதில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கிடைத்தது. சென்னை மாகாணத்தில் 1927இன் வகுப்புவாரி ஆணை 12 இடங்களில் ஒன்றைத் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கியது. வைஸ்ராய் கவுன்சிலில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அம்பேத்கரின் முயற்சியால் 1943இல் மத்திய அரசு வேலைகளில் 8.33 சதவீதம் வந்தது. ஆனால் இதெல்லாம் அரசாங்க வாசலோடு நின்றுவிட்டது. சிப்காட் கேட்டுக்குள் நுழையவில்லை. 1959ஆம் ஆண்டின் வேலைவாய்ப்பகச் சட்டப்படி 25 பேரோ அதற்கு மேலோ வேலை பார்த்த தனியார் நிறுவனமும் காலியிடத்தை வேலைவாய்ப்பகத்துக்குத் தெரிவிக்க வேண்டியிருந்தது. ஆனால் அங்கிருந்து ஆள் எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று அதே சட்டம் சொன்னது. கதவைக் காட்டிவிட்டுச் சாவியை முதலாளியிடமே கொடுத்துவிட்டார்கள்.

அந்தச் சாவி எப்படித் திரும்புகிறது என்று சுகதேவ் தோரட்டும் பால் அட்டெவெல்லும் சோதித்துப் பார்த்து 2007இல் எழுதினார்கள். ஆங்கிலப் பத்திரிகைகளில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு 66 வாரங்கள் தொடர்ந்து 4808 விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். படிப்பு ஒன்று, அனுபவம் ஒன்று, பெயர் மட்டும் வேறு. உயர்சாதிப் பெயரோடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு சுமார் மூன்றில் இரண்டு பங்கு. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. ஆள் நேரில் போவதற்கு முன்பே தாளிலேயே தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

தமிழ்நாட்டில் அப்படி நடக்காது, இங்கே பெயருக்குப் பின்னால் சாதி கிடையாது என்று பெருமை பேசுவோம். 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தைத் துறக்கச் சொன்னது பெரிய காரியம்தான். ஆனால் பெயரில் கிடைக்காததைக் கேள்வியில் வாங்கிக்கொள்கிறார்கள். தமிழாசிரியர் வேலைக்காக நான் போன ஓர் இன்டர்வியூவில் தொல்காப்பியத்திலிருந்து ஒரு கேள்வி வந்தது. பிறகு, "அப்பா என்ன பண்றாரு?" அதற்கும் பிறகு, "ஊர்ல நீங்க எந்தப் பக்கம்?" எந்தப் பக்கம் என்றால் கிழக்கா மேற்கா என்று அர்த்தமில்லை. ஊரா, காலனியா என்று அர்த்தம்.

இது எனக்கு மட்டும் நேர்ந்ததல்ல. டில்லி வட்டாரத்தில் 25 நிறுவனங்களின் ஆளெடுப்பு அதிகாரிகளிடம் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் பேசிப் பார்த்தார்கள். தகுதி ஒன்றைத்தான் பார்க்கிறோம் என்றவர்களே, குடும்பப் பின்னணியைக் கேட்பது அவசியம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். ஸ்ரீநகர் பொறியியல் கல்லூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1980இல் தீர்ப்பளித்தது. அங்கே இரண்டு மூன்று நிமிட நேர்காணலில் பெற்றோரையும் இருப்பிடத்தையும்தான் கேட்டார்கள் என்பது மாணவர்களின் புகார். எழுத்துத் தேர்வுக்கு 100, நேர்காணலுக்கு 50 என்று வைத்தது தன்னிச்சையானது, நேர்காணலுக்கு 15 சதவீதத்துக்கு மேல் கூடாது என்றது நீதிமன்றம். 2016 ஜனவரி முதல் மத்திய அரசே குரூப் சி வேலைகளுக்கு நேர்காணலை எடுத்துவிட்டது. தனியார் கம்பெனிக்கு இந்தக் கடிவாளம் எதுவும் கிடையாது. கோயமுத்தூர் வகுப்பறையில் சீனிவாசன் பயந்த அதே கேள்விகள் இன்றைக்கு ஏ.சி. அறையில் உட்கார்ந்திருக்கின்றன.

சரி, காலனி? மெட்ராசில் பேங்க் ஆபீசர்ஸ் காலனி என்றால் அது கௌரவம். நம்ம பக்கத்தில் காலனி என்றால் சேரி. 2025 ஏப்ரலில் முதலமைச்சர் ஸ்டாலின், அந்தச் சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கலாம். ஆனால் சேரி என்பதை எடுத்துவிட்டுத்தானே காலனி வந்தது? காலனியை எடுத்தால் "எந்தப் பக்கம்?" என்று கேட்கிற வாய் மூடிக்கொள்ளுமா?

அடுத்த ஞாயிறு அந்தத் தம்பியிடம் சொன்னேன்: "கடுதாசி வந்து சேர எது வேணுமோ அதைப் போடு. தெரு பேரும் கதவு நம்பரும் போதும்னா அது போதும். அந்தத் தாள் உன் படிப்பையும் நீ கத்துக்கிட்ட வேலையையும் சொல்றதுக்கு. ஆனா வெட்கப்பட்டு மட்டும் அடிக்காதே. நேர்ல கேட்டா பொய் சொல்லாதே."

"கேட்டா இன்னா சொல்றதுண்ணா?" என்றாள் பக்கத்தில் இருந்த பெண்.

அதைத்தான் அன்றைக்குப் பழகினோம். "என் வேலையைப் பத்திக் கேளுங்க சார், சொல்றேன்." ஒவ்வொருவரும் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார்கள். முதல் தடவை குரல் எழும்பவில்லை. இதைச் சொல்பவருக்கு வேலை கிடைக்கும் என்று என்னால் உத்தரவாதம் தர முடியாது. ஒற்றை ஆளாய் நிற்கிற பிள்ளை அறைக்குள் அவ்வளவுதான் சொல்ல முடியும். மீதியை வெளியே இருக்கிற நாம் சொல்ல வேண்டும். தனியார் துறையில் இட ஒதுக்கீடு வேண்டும். எந்தக் கம்பெனி எந்தச் சமூகத்திலிருந்து எத்தனை பேரை எடுத்தது என்ற கணக்கு வெளியே வர வேண்டும். வேலைக்கு ஆள் எடுக்கிற இடத்தில் குடும்பத்தையும் இருப்பிடத்தையும் கிளறுவது குற்றமாக வேண்டும். 3412 கையெழுத்தை அந்தக் காலத்திலேயே திரட்டிய சனங்கள் நாம். அந்த 112 அடித் தாளை இன்னும் கொஞ்சம் நீட்ட வேண்டியிருக்கிறது.