சாலையோரமும் கோயில் வளாகமும்: சூசை வழக்கு குறித்து ஒரு மறுவாசிப்பு

தலித் கிறித்தவர் ஒருவர் பட்டியல் சாதிச் சலுகை கோரிய சூசை வழக்கைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் அதை ஒரு சாட்சியக் குறையின் கதையாகவே படித்திருக்கிறார்கள். கிறித்தவச் சமூகத்தின் இன்றைய நிலையை விரிவாக ஆராய்ந்த நம்பத்தகுந்த ஆய்வு எதுவும் தன்முன் வைக்கப்படவில்லை என்று கூறி, 1985 செப்டம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. சான்றுகளைத் திரட்டிவிட்டால் அடுத்த முறை வெல்லலாம் என்ற முடிவுக்கு இவ்வாய்வு மரபு வந்து சேர்ந்தது. தனிக் கல்லறை, தனி வரிசை, சேரிக்குள் நுழையாத தேர் என்று நாற்பதாண்டுகளாகச் சேர்க்கப்பட்ட சான்றுகளை நான் மதிக்கிறேன். ஆனால் நீதிமன்றம் கேட்ட கேள்வியே இடம் மாறிக் கேட்கப்பட்ட ஒன்று என்பது அந்த மரபின் கண்ணில் படவில்லை.

வழக்கின் பொருள் மிகச் சிறியது. சூசை ஆதிதிராவிடர் குடியில் பிறந்த கிறித்தவர். சென்னையில் சாலையோரம் உட்கார்ந்து செருப்புத் தைத்தவர். அப்படித் தொழில் செய்வோருக்கு அரசு இலவசமாக பங்க் கடை கொடுத்தது. அதற்கான பணம் பட்டியல் சாதியினர் நலனுக்கான நடுவண் சிறப்பு உதவியிலிருந்து வந்தது. அதே சாதியில் பிறந்து, அதே தொழிலைச் செய்து, இந்துக்களாக இருந்தவர்களுக்கு பங்க் கிடைத்தது. சூசைக்குக் கிடைக்கவில்லை. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, கிறித்தவர் என்பதால் அவரைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியிருந்தது.

நீதிபதி ஆர். எஸ். பதக் எழுதிய தீர்ப்பு இரண்டு படிகளில் நகர்கிறது. மதம் மாறிய பின்னும் சாதி தொடரக்கூடும் என்பது முதற்படி. முந்தைய தீர்ப்புகள் போட்ட பாதையில் நீதிமன்றம் இதைச் சிரமமின்றிக் கடக்கிறது. சாதி தொடர்ந்தால் மட்டும் போதாது, அது பிறந்த இந்து சமூக அமைப்பில் தந்த இன்னல்கள் புதிய சமயச் சமூகத்தின் சூழலிலும் அதே கொடுமையோடு தொடர்வதாகக் காட்டவேண்டும் என்பது இரண்டாம் படி. மனு வீழ்ந்தது இங்கேதான்.

இரண்டாம் படியை நிதானமாகப் படித்தால் அதற்கு அடியில் ஓர் அனுமானம் இருப்பது தெரியும். மதம் மாறியவன் தன் முழு வாழ்க்கையோடும் வேறொரு சமூகத்துக்குள் குடிபெயர்ந்துவிடுகிறான் என்பதே அது. அந்தச் ‘சமயச் சமூகம்’ எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தீர்ப்பு சொல்லவில்லை. ஆகவே கேட்கவேண்டியது இது: பங்க் எந்தக் குறையைப் போக்க வந்தது? வெயில், மழை, தோலும் நூலும் நனைந்து போவது, இடத்தைக் காலி செய் என்று விரட்டப்படுவது. இவற்றில் ஒன்றுகூடக் கிறித்தவக் கோயில் வளாகத்துக்குள் நிகழ்வதில்லை. அறுந்த செருப்பைக் கழற்றிக் காலாலேயே முன்னே தள்ளிவிடும் வாடிக்கையாளர், எதிரில் இருப்பவர் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறவரா என்று விசாரிப்பதில்லை. சூசையின் இன்னல் புதிய சூழலில் தொடர்கிறதா என்று நீதிமன்றம் கேட்டது. அவர் தொழில் செய்த சூழலோ மாறவே இல்லை. அந்தச் சாலையோரத்தைப் பற்றிப் போதிய உண்மை மனுவிலேயே இருந்தது.

தீர்ப்பின் சொற்களிலிருந்து இவ்வளவு தொலைவு வரலாமா என்ற தயக்கம் எனக்கும் உண்டு. வட சென்னைத் துறைமுகப் பகுதியோடு வைத்துப் பார்க்கும்போது அது பெருமளவு நீங்குகிறது. ராயபுரத்து ராயப்பர் கோயில் படகோட்டிக் கிறித்தவர்கள் எழுப்பியது. தனக்கென்று தொழிலும் நிதியும் தலைமையும் கொண்டிருந்த ஒரு சமூகத்தின் கோயில். அதே பகுதியில் மூட்டை தூக்கியும் சாக்கடை அள்ளியும் பிழைத்த ஆதிதிராவிடக் கத்தோலிக்கரையும் அவர்களையும் ‘கிறித்தவச் சமூகம்’ என்ற ஒரே சூழலுக்குள் அடைத்தால் எதுவும் விளங்காது. அவரவர் தொழிலையும் குடியிருப்பையும் பார்த்தால்தான் விளங்கும்.

சட்டத்துக்கு அப்படிப் பார்க்கத் தெரியாமல் இல்லை. துறைமுகத் தொழிலாளர் சட்டம் 1948இல் வந்தது. கப்பலில் சரக்கு ஏற்றி இறக்குபவரைப் பதிவுசெய்து, வேலையைப் பகிர்ந்து கொடுத்து, குறைந்தபட்சக் கூலிக்கு உறுதி தர வழிசெய்த அச்சட்டம் அவர் கும்பிடும் தெய்வத்தைப் பற்றிக் கேட்கவில்லை. இரண்டே ஆண்டுகளில், 1950 ஆணை அதைக் கேட்டது. 2011இல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியையும் இரும்புத் தாதுவையும் கையாள உயர் நீதிமன்றம் தடை விதித்தபோது, எந்த வீடுகளில் கருந்தூசி படிந்தது என்பது மட்டுமே பொருட்டாயிற்று. 2013ஆம் ஆண்டின் கையால் மலம் அள்ளும் தொழிலுக்கான தடைச் சட்டமும் செய்யும் வேலையை வைத்தே மனிதரை அடையாளம் காண்கிறது. 1993க்குப் பின் சாக்கடையில் இறந்தவர் குடும்பங்களுக்கு 10 லட்ச ரூபாய் கொடுக்கவேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டபோது திருமுழுக்குச் சான்று கேட்கப்படவில்லை.

சாதியைத் தொழிலுக்குள் கரைத்துவிடுகிறேன் என்று தலித் கிறித்தவ இயக்கத்தார் மறுக்கலாம். மறுப்பு வலுவானது. நான் சொல்வது வேறு: இன்னாருக்கு இன்ன வேலை என்று ஒதுக்குவதே சாதிதான், திருமுழுக்கு அந்த ஒதுக்கீட்டை மாற்றவில்லை. பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் தமிழ்நாடு தலித் கிறித்தவர்களுக்கு இடம் கொடுத்திருக்கிறதே என்ற வாதம் நீண்ட விடைக்குத் தகுதியற்றது. அந்தப் பட்டியலில் உள்ளவருக்கு 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் காவல் இல்லை.

திருச்சபையின் பங்கைப் பற்றித்தான் கூடுதலாகப் பேசவேண்டும். வடக்கன்குளத்தில் சாதிகளைப் பிரித்த கோயில் சுவர் 1910இல் இடிக்கப்பட்டு வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனபோது, கிறித்தவத்தில் சாதி உரிமைக்கு இடமில்லை என்று ஆயர் தரப்பு வென்றது. நல்ல வெற்றி. ஆனால் கிறித்தவத்தில் சாதி இல்லை என்ற அதே நம்பிக்கை பின்னாளில் சூசை போன்றோருக்கு எதிராகத் திரும்பியது. 2003இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் தமிழக ஆயர்களிடம் சாதி வேற்றுமையைக் கடிந்து பேசினார். 2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையின் தலித் கொள்கை தீண்டாமையைச் சமூகப் பாவம் என்று அறிக்கையிட்டது. இந்த ஒப்புதல்கள் தேவையானவை, காலம் கடந்து வந்தவை. ஆயினும் சட்ட வாதமாக எடுத்து வைக்கும்போது, நீதிமன்றம் காட்டிய வளாகத்துக்குள்ளேயே அவை நின்றுவிடுகின்றன. திருச்சபையின் கையில் இதைவிடக் கூர்மையான வாதம் உண்டு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட சமயச் சுதந்திர அறிக்கையின் ஆறாம் பிரிவு, சமயத்தை முன்னிட்டுச் சட்டத்தின்முன் குடிமக்களின் சமத்துவம் குலையாமல் காப்பது அரசின் கடமை என்கிறது. இந்த வாதத்தில் திருச்சபை தன் பாவத்தை நிரூபித்துக்காட்ட வேண்டியதில்லை. ஒரே வேலையைச் செய்யும் இருவரை அரசு எதை வைத்துப் பிரித்தது என்பதற்கு அரசுதான் விடை சொல்லவேண்டும்.

2024 நவம்பரில், புதுச்சேரியிலிருந்து வந்த வழக்கில், திருமுழுக்குப் பெற்ற பெண் ஒருவர் பட்டியல் சாதிச் சலுகைக்காக இந்து என்று கோரியதை அரசியலமைப்பின் மீதான மோசடி என்றது உச்ச நீதிமன்றம். ஏட்டில் ஒரு பெயரும் கோயிலில் ஒரு பெயருமாக வாழும் குடும்பங்களை ஆணையின் மூன்றாம் பத்திதான் உண்டாக்கியது என்பதை அத்தீர்ப்பு எடைபோடவில்லை. அப்பத்தியை நீக்கவேண்டும் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இலேயே பரிந்துரைத்திருந்தது. 2022 அக்டோபரில் அமைந்த கே. ஜி. பாலகிருஷ்ணன் ஆணையத்தின் விசாரணை வரம்போ, மதம் மாறியவரின் வழக்கங்களும் மரபுகளும் சமூக நிலையும் எப்படி மாறின என்று மறுபடி கேட்கிறது. இது 1985இன் இரண்டாம் படியேதான். ஆணையத்தின்முன் சாட்சியம் வைப்போர் தேரையும் கல்லறையையும் பற்றிப் பேசுமுன், ராயபுரம் முதல் எண்ணூர் வரை சாக்கடையில் இறங்குபவர், மூட்டை தூக்குபவர், சாலையோரம் செருப்புத் தைப்பவர் ஆகியோரின் வேலையையும் கூலியையும் அதே வேலை செய்யும் இந்து ஆதிதிராவிடரோடு ஒப்பிட்டு வைக்கவேண்டும். வேறுபாடு இல்லையென்றால் மூன்றாம் பத்தி நிற்க வேறு காரணத்தை அரசு தேடவேண்டியிருக்கும்.