அட்டையில் மூன்று பெயர்கள்

1994இல் மதுரையில் விடுதி மாணவர்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு ஒலிநாடா கொண்டு வந்தோம். பறையிசையும் எட்டுப் பாட்டுகளும். அறுபது நிமிடக் கேசட், பக்கத்துக்கு முப்பது நிமிடம். ஐந்நூறு பிரதிகள். பாட்டுகளைப் பற்றி அப்போது தோழர்கள் நிறையவே விவாதித்தார்கள். ஆனால் எங்களுக்குள் நடந்த சண்டையில் முக்கால்வாசி பாட்டைப் பற்றியது அல்ல, கேசட் அட்டையைப் பற்றியது. அந்த அட்டையைச் செய்தவன் நான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பறை அடிப்பதை விட்டொழிக்க வேண்டும் என்று ஒரு பக்கமும், அதை நம் போர்க்கருவியாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று இன்னொரு பக்கமும் தலித் இயக்கங்களுக்குள் பேசிக்கொண்டிருந்த காலம் அது. ஊரார் வீட்டுச் சாவுக்கு இனி அடிக்க மாட்டோம் என்று சேரிகளில் முடிவெடுத்து, அதற்காக அடிபட்டவர்களும் உண்டு. எங்கள் விடுதியிலும் இரண்டு கட்சி. "எங்க அப்பன் தோள்ல இருந்து இறக்கி வெச்சதை நீங்க எதுக்குடா திரும்பத் தூக்குறீங்க" என்று ஒரு நண்பன் கேட்டான். நான் அவனுக்கு ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. கேசட் வேலை அப்படியே தொடங்கிவிட்டது.

அடிக்க வந்தவர்கள் நான்கு பேர். ஒருவர் என் சித்தப்பா, மற்ற மூவரும் அவருடைய சோடி ஆட்கள். பாடியது நாங்கள். ஒலிப்பதிவு இரண்டு நாளில் முடிந்தது. அட்டை முடிய இரண்டு மாதம் ஆனது.

கேசட் பெட்டிக்குள் மடித்துச் செருகுகிற அட்டையைப் பார்த்திருப்பீர்கள். உயரம் பத்து சென்டிமீட்டர். முன்பக்கம் ஆறரை, முதுகு ஒன்றேகால், பின்னால் மடிகிற துண்டு இரண்டுக்கும் குறைவு. இந்த இடத்துக்குள் படம், தலைப்பு, பாட்டுப் பட்டியல், பெயர்கள் எல்லாம் வர வேண்டும். கடையில் அடுக்கியிருக்கும்போது தெரிவது முதுகு மட்டும்தான். அந்த ஒன்றேகால் சென்டிமீட்டரில் 'பறை' என்று போடுவதா வேண்டாமா என்பதுதான் முதல் சண்டை. டி.டி.பி. சென்டரில் எழுத்துக் கோத்துக் கொடுத்தவர் நல்ல மனுசன். அவரே சொன்னார்: "தம்பி, கிராமியக் கலைன்னு போட்டுக்கங்களேன். உள்ளே என்ன இருக்குன்னு கேக்குறவனுக்குத் தெரியத்தானே போகுது." கேசட் கடைக்காரரும் அதையே சொன்னார். மேளம் என்று போடு, தப்பாட்டம் என்று போடு, பறை என்று மட்டும் போடாதே. சாதிப் பெயர் சத்தமாகக் கேட்டுவிடுமாம். 'பறை' என்றே போட்டோம்.

இரண்டாவது சண்டை படம். எங்களில் சிலருக்குச் சித்தப்பாவை வெற்றுடம்போடு, தலைப்பாகை கட்டி, தீ மூட்டிப் பறை காய்ச்சுகிற மாதிரி எடுக்க ஆசை. 'மண்ணின் கலைஞன்' தோற்றம் வரும் என்றார்கள். நானும் அந்தக் கட்சிதான், மறைக்கவில்லை. காமிராவை இரவல் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனோம். சித்தப்பா வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வந்து நின்றார். கழற்றச் சொன்னோம். "சட்டையோட எடு. சட்டையில்லாம அடிச்சது போதும்" என்றார். அதற்கு மேல் பேசவில்லை. நாங்களும் பேசவில்லை. ஆனால் விடுதிக்குத் திரும்பியதும் சண்டை தொடர்ந்தது. சட்டை போட்ட படம் கல்யாண வீட்டு குரூப் போட்டோ மாதிரி இருக்கிறது, எடுபடாது என்றார்கள்.

அந்த நேரத்தில்தான் ஒரு தோழர் கருப்பின வரலாறு பற்றிய ஆங்கிலப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து, ஒரு பக்கத்தை விரித்து மேசைமேல் வைத்தார். பழைய போட்டோ. கோட்டு போட்ட ஆண்களும் கழுத்துவரை மூடிய நீண்ட கவுன் அணிந்த பெண்களும். எல்லாரும் கறுப்பர், எல்லாரும் இளைஞர். யாரும் சிரிக்கவில்லை. "இவங்களும் ஸ்டூடண்ட்ஸ்தான். பாடிக் காசு சேர்த்தவங்கதான்" என்றார். ஃபிஸ்க் ஜூபிலி பாடகர்கள். அதற்குப் பிறகு பல ஆண்டுகள் கிடைத்ததையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டதை இங்கே சொல்கிறேன்.

அமெரிக்காவில் டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரில், அடிமை முறை ஒழிந்த கையோடு, 1866இல் தொடங்கிய பள்ளி ஃபிஸ்க். உள்நாட்டுப் போர்க் காலத்து ராணுவ மருத்துவமனைக் கொட்டகைகளில்தான் வகுப்பு நடந்தது. 1871இல் மூடுகிற நிலைமை. பொருளாளராகவும் பாட்டு ஆசிரியராகவும் இருந்த ஜார்ஜ் ஒயிட் என்ற வெள்ளையர், ஒன்பது மாணவர்களை அழைத்துக்கொண்டு அக்டோபர் 6ஆம் தேதி ஊர் ஊராகப் பாடிப் பணம் திரட்டக் கிளம்பினார். அந்த ஒன்பது பேரில் பெரும்பாலோர் அடிமைகளாகப் பிறந்தவர்கள். பியானோ வாசித்தவர் எல்லா ஷெப்பர்ட். குழந்தையாக இருந்தபோது அவரை அவருடைய அப்பாவே 350 டாலர் கொடுத்து வாங்கி விடுவித்தார்.

தொடக்கத்தில் அவர்கள் மேடையில் பாடியது வெள்ளையர் பாட்டுகளை. பெற்றோரின் அடிமைக்காலப் பாட்டுகளை வெளியே பாட அவர்களுக்கு மனமில்லை. அவை அடிமைத்தனத்தோடு ஒட்டியவை, பெற்றோருக்குப் புனிதமானவை, காட்சிப்பொருளாக்க வேண்டியவை அல்ல என்று நினைத்ததாக ஷெப்பர்டே பின்னாளில் எழுதியிருக்கிறார். நாற்காலி பற்றாமல் தரையில் உட்கார்ந்து, மெல்லிய குரலில் ஒருவரிடம் ஒருவர் அந்தப் பாட்டுகளைக் கற்றுக்கொண்டார்களாம். இதைப் படித்தபோது, தோளில் இருந்து இறக்கியதை ஏன் தூக்குகிறீர்கள் என்று கேட்ட என் நண்பன் ஞாபகத்துக்கு வந்தான். அவன் கேட்டது அவன் மட்டும் கேட்ட கேள்வி இல்லை.

அன்றைக்கு இசைத்தட்டு கிடையாது. அவர்களுடைய 'அட்டை' என்பது துண்டறிக்கை, போட்டோ, பாட்டுப் புத்தகம், உடுத்திய உடுப்பு. எதிரே நின்றது எது என்று தெரிந்தால்தான் இதன் கனம் புரியும். வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பர்களைக் கோமாளிகளாக்கி ஆடிய 'மின்ஸ்ட்ரெல்' கூத்து 1830களில் இருந்து அங்கே கொடிகட்டிப் பறந்தது. பிதுங்கிய கண், தடித்த உதடு, கிழிந்த கால்சட்டை. அந்தப் பாட்டுகளை அச்சிட்டு விற்ற தாள்களின் முகப்பிலெல்லாம் இந்தக் கேலிச் சித்திரங்கள்தான். கறுப்பர் இசை என்றாலே சனங்களின் கண்முன் வந்தது அதுதான். ஃபிஸ்க் மாணவர்கள் நியூயார்க் வந்தபோது அவர்களையும் அந்தக் கூத்தாடிகளின் பெயராலேயே பத்திரிகையில் கிண்டல் செய்தார்கள். தங்க இடம் தராமல் விடுதிகள் விரட்டின.

அதனால் பெயரில் இருந்து தொடங்கினார்கள். ஒஹையோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில் வைத்த பெயர் 'ஜூபிலி'. பைபிளில் லேவியராகமம் 25ஆம் அதிகாரத்தில் வருகிற, ஐம்பதாவது ஆண்டில் அடிமைகள் விடுதலையாகும் யூபிலி அது. நம் ஊரில் இன்று ஜவுளிக்கடை வெள்ளிவிழாவுக்கும் இதே சொல்லைப் போடுகிறார்கள், அது வேறு கதை. கோமாளி உடுப்புக்கு எதிராகக் கோட்டும் கவுனும். படத்தில் யாரும் ஏன் சிரிக்கவில்லை என்பதும் இப்படித்தான் எனக்கு விளங்கியது. சிரிக்கிற கறுப்பனின் படம் ஏற்கெனவே நாடெங்கும் ஒட்டப்பட்டிருந்தது.

1872 வசந்தத்துக்குள் 20,000 டாலர் சேர்ந்தது. அதே ஆண்டில் 'ஜூபிலி சாங்ஸ்' என்ற பாட்டுப் புத்தகம் வெளிவந்தது. 1873இல் கஸ்டேவஸ் பைக் என்பவர் அவர்களுடைய பயணக் கதையை எழுதினார். புத்தகத் தலைப்பிலேயே 'இருபதாயிரம் டாலர்' என்று வருகிறது. அந்த ஆண்டு இங்கிலாந்து போய் விக்டோரியா ராணி முன் பாடினார்கள். லண்டனில் எட்மண்ட் ஹேவல் என்ற ஓவியர் அவர்களைப் பெரிய எண்ணெய் ஓவியமாகத் தீட்டினார். திரட்டிய பணத்தில் எழுந்த ஜூபிலி மண்டபம் 1876 சனவரியில் திறக்கப்பட்டது.

அதே 1873இல்தான் இங்கே பூனாவில் ஜோதிராவ் புலே 'குலாம்கிரி'யை வெளியிட்டார். அதை அவர் காணிக்கையாக்கியது நீக்ரோ அடிமைத்தனத்தை ஒழித்த அமெரிக்க மக்களுக்கு. ஃபிஸ்கில் படித்து 1888இல் பட்டம் பெற்ற டூபாய்ஸுக்குத்தான் 1946இல் அம்பேத்கர் கடிதம் எழுதினார். ஐ.நா. சபைக்குக் கறுப்பர்கள் கொண்டுபோன மனுவைக் கேட்டு எழுதிய கடிதம் அது. டூபாய்ஸ் 1903இல் எழுதிய 'கறுப்பு மக்களின் ஆன்மாக்கள்' நூலில் அத்தியாயத் தலைகளில் அந்த அடிமைப் பாட்டுகளின் மெட்டைச் சொற்கள் இல்லாமல் வெறும் இசைக்குறிகளாக அச்சிட்டிருப்பார். பக்க அமைப்பை வைத்தே இப்படிப் பேச முடியும் என்பதை நான் அதில்தான் கண்டேன்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு இன்னொன்றைச் சொல்லாமல் விட்டால் அது பக்தி ஆகிவிடும். 'ஜூபிலி சாங்ஸ்' முகப்பில் இருக்கும் பெயர் தியோடர் சீவர்ட். பாட்டை இசைக்குறிகளாக எழுதிய வெள்ளையர். பயணக் கதையை எழுதிய பைக்கும் வெள்ளையர். பாட்டுகளைச் சேகரித்து, எழுதிவைத்து, கற்றுக்கொடுத்ததில் பெரும்பங்கு எல்லா ஷெப்பர்டுடையது. அந்தப் பெண்ணின் பெயர் நூலாசிரியர் இடத்தில் இல்லை. பாடகர்களின் பெயர் வருவது உள்ளே, வாழ்க்கைக் குறிப்புகளில்: எங்கே அடிமையாகப் பிறந்தார், எப்படி விடுதலையானார். பட்ட துயரத்துக்குப் பெயர் உண்டு, செய்த வேலைக்குப் பெயர் இல்லை. 1909 டிசம்பரில் ஃபிஸ்க் நால்வர் குழு விக்டர் கம்பெனிக்காக இசைத்தட்டில் பாடியது. விக்டரின் சின்னம் குழாயருகே உட்கார்ந்த நாய். நம் ஊர்க் கல்யாண வீட்டு எச்.எம்.வி. தட்டுகளில் சுற்றிய அதே நாய்.

புத்தகம் விரிந்து கிடந்த அன்று ராத்திரியே படச் சண்டை முடிந்தது. சித்தப்பா சட்டையோடு அட்டைக்கு வந்தார்.

மிச்சமிருந்தது பெயர். சினிமாப் பாட்டில் பறைச் சத்தம் வரும், அடித்தவர் பெயர் கேசட் அட்டையில் வராது. நாம் நான்கு பெயரையும் முன்பக்கத்திலேயே போடுவோம், பாடிய மாணவர் பெயர் உள்ளே போகட்டும் என்று முடிவு செய்தோம். பெயர்களைச் சரிபார்க்க ஊருக்குப் போனேன். மூன்று பேரும் சந்தோசப்பட்டார்கள். ஒருவர் இனிஷியல் சேர்க்கச் சொன்னார். நான்காமவர் என்னைத் தனியாகக் கூட்டிப்போனார். "என் பேரு வேணாம்ப்பா. மகன் டவுன்ல ஆபீஸ்ல இருக்கான். என்ன சாதின்னு சொல்லாம வீடு பிடிச்சிருக்கான். இது எவன் கையிலயாவது கிடைச்சா அவனைக் கிளப்பி விட்ருவாங்ய" என்றார். படத்தில் நிற்க மாட்டேன் என்று அவர் முன்னாடியே சொன்னதற்கும் காரணம் அப்போதுதான் புரிந்தது. விடுதியில் இதைச் சொன்னபோது ஒரு தோழர் அவரைக் கோழை என்றார். எனக்கு வந்த கோபத்தில் எழுந்து வெளியே போய்விட்டேன். ஐந்நூறு அட்டை அடிக்கிற நமக்கு வீர வசனம் பேசுவது சுலபம். வாடகை வீட்டில் குடியிருப்பது அவர் மகன்.

மூன்று பெயர் போட்டு நான்காவது வரியில் 'மற்றும் ஒரு கலைஞர்' என்று போட்டேன். இந்தக் கட்டுரையில் மூவர் பெயரையும் நான் சொல்லாததற்குக் காரணமும் அவர்தான். மூன்றைச் சொன்னால் ஊரில் நான்காவதைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை.

அச்சடித்த கதையும் இருக்கிறது. ஒரு பெரிய தாளில் இப்படி இருபது அட்டை பிடிக்கும். ஐந்நூறுக்கு இருபத்தைந்து தாள். இருபத்தைந்து தாளுக்காக ஆப்செட் மிஷினை ஏற்ற முடியாது, ஆயிரத்துக்கான கூலி கொடு என்றார் அச்சகத்துக்காரர். எங்களிடம் பணமில்லை. கடைசியில், வேறொரு வேலை ஓடும்போது தாளின் ஓரத்தில் விழுகிற இடத்தில் அடித்துத் தர ஒப்புக்கொண்டார். அந்த வேலை ஒரு கல்யாணப் பத்திரிகை. ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் சாதிப் பட்டம் போட்டு, தாய்மாமன் முதல் தாத்தாவரை வரிசையாக நாற்பது பெயர். அதே தாளின் ஓரத்தில், வெட்டி எறிய வேண்டிய இடத்தில், எங்கள் மூன்று பெயரும் ஒரு 'மற்றும்' வரியும்.

பத்திரிகை மெரூன் கலர். ஆகவே நாங்களும் மெரூன். நீலம் இல்லாமல் வெளியே கொண்டுபோகக் கூடாது என்று எல்லாரும் ஒரே பிடிவாதம். விடுதி அறையில் சட்டம் கட்டி, வலை இழுத்து, நீலத்தை நாங்களே ஸ்க்ரீன் பிரிண்ட் போட்டோம். தலைப்புக்குப் பின்னால் பட்டையாக வர வேண்டியது மையை இழுத்த இழுப்பில் ஒழுகி, பாதி அட்டைகளில் சித்தப்பாவின் வெள்ளைச் சட்டையை நீலமாக்கிவிட்டது. திரும்ப அடிக்கக் காசில்லை. சித்தப்பா பார்த்துவிட்டு, "இந்தச் சட்டை எப்ப எடுத்தேன்?" என்று கேட்டார்.

ஒட்டிய சுவரொட்டிகளைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மைதாப் பசை காய்வதற்குள் 'பறை' என்ற எழுத்தை மட்டும் கிழித்திருந்தார்கள். கேசட் கல்லூரி வாசல்களிலும் கூட்டங்களிலும் விற்றே தீர்ந்தது. கடைகளில் இருபதுகூடப் போகவில்லை.

இப்போது என்னிடம் ஏழு அட்டைகள் இருக்கின்றன. நாடாக்கள் பூஞ்சை பிடித்துவிட்டன, ஒன்று மட்டும் ஓடுகிறது. போன மாதம் கல்லூரி மாணவிகள் சிலர் வந்து அதைக் கணினியில் ஏற்றி வெளியிட வேண்டும், அதே அட்டை வேண்டும் என்று கேட்டார்கள். அவர்களில் பறை அடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். 'மற்றும் ஒரு கலைஞர்' யார், பெயரைப் போட்டுவிடலாமே என்றார்கள். நான்காமவர் காலமாகிப் பல வருடமாகிறது. மகன் வேலையில் இருந்து ஓய்வு பெற்று அதே டவுனில் சொந்த வீடு கட்டி இருக்கிறார். அவரிடம் நான் இதுவரை இந்தக் கேசட்டைப் பற்றிப் பேசியதே இல்லை. நேரில் போய்க் கேட்டுவிட்டுச் சொல்கிறேன், அதுவரை வெளியிட வேண்டாம் என்று மாணவிகளிடம் சொல்லியிருக்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை போகிறேன், ஒரு அட்டையையும் எடுத்துக்கொண்டு.