சிறிய டூ ஸ்ட்ரோக் எஞ்சின்: மலைநாட்டில் கோளாறு கண்டறிதல்

சிறிய டூ ஸ்ட்ரோக் எஞ்சின் என்பது பிஸ்டன் ஒருமுறை ஏறி இறங்குவதற்குள் ஒரு முழுச் சுற்று வேலையை முடித்துவிடும் எஞ்சின். தேயிலைத் தோட்டங்களில் புல்வெட்டும் மெசின், முதுகில் சுமந்து மருந்தடிக்கும் மெசின், கவ்வாத்து மெசின், கொழுந்து பறிக்கும் மெசின் எனப் பல உருவங்களில் இது வேலை செய்கிறது. ரிமோட்டில் ஓடும் நைட்ரோ பந்தயக் காருக்குள் இருப்பதும் இதே குடும்பத்து எஞ்சின்தான். அது அளவில் சிறியது, எரிபொருள் வேறு, தீப்பொறிக்குப் பதில் சிவந்து ஒளிரும் ஒரு கம்பி இருக்கும். இரண்டிலும் வரும் கோளாறுகளில் பெரும்பகுதி காற்றும் எரிபொருளும் சேரும் விகிதம் தவறுவதால் பிறப்பவை. அந்த விகிதம் இடத்தின் உயரத்தோடு மாறும். ஆகவே மலைநாட்டுப் பொகவந்தலாவையில் ஒரு எஞ்சினைச் சோதிப்பவர், கொழும்பில் சோதிப்பவர் கேட்காத ஒரு கேள்வியையும் கேட்க வேண்டியிருக்கிறது: இது கடைசியாக எந்த உயரத்தில் செட் பண்ணப்பட்டது?

அமைப்பு

1880களின் இறுதியில் இங்கிலாந்தின் பாத் நகரத்து ஜோசஃப் டே உருவாக்கிய வடிவமே இன்றைய சிறு எஞ்சின்களின் மூலம். பிஸ்டன் மேலே போகும்போது அதன் அடியிலுள்ள கிராங்க் அறைக்குள் கலவை இழுக்கப்படுகிறது. கீழே வரும்போது அதே கலவை அமுக்கப்பட்டு, பக்கவாட்டுத் துவாரங்கள் வழியே சிலிண்டருக்குள் ஏறி, எரிந்த புகையை வெளியே தள்ளுகிறது. கிராங்க் அறையே பம்பாக வேலை செய்வதால் அங்கே தனியாக ஒயில் தேக்கி வைக்க முடியாது. பெற்றோலோடு கலந்து வரும் ஒயில்தான் பேரிங்குக்கும் பிஸ்டனுக்கும் கிடைக்கும் ஒரே மசகு. எரிபொருள் குறைந்தால் ஒயிலும் குறைகிறது. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் சொல்லப்படும் பாதிக் கோளாறுகளுக்குக் காரணம் தானாகவே விளங்கும்.

கலக்கும் அளவு மெசினுக்கு மெசின் மாறும். 50:1 என்றால் 1 லீற்றர் பெற்றோலுக்கு 20 மில்லிலீற்றர் ஒயில். 25:1 என்றால் 40 மில்லிலீற்றர். மூடியில் ஊற்றிக் கண்ணளவில் கலப்பது தோட்டங்களில் பரவலான பழக்கம். அளவு குறித்த ஒரு சிறிய போத்தல் ஒரு பிஸ்டனின் விலையில் மிகச் சிறு பங்குகூட ஆகாது. அதை வாங்கி வைக்காத இடத்தில் மற்ற எந்த அறிவுரையும் பயன்படாது என்பது என் உறுதியான கருத்து.

உயரம் செய்வது

பொகவந்தலாவை நுவரெலியா மாவட்டத்தில், ஹட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் கடந்து போகும் பாதையில், காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கு நீர் கொண்டுவரும் கெசல்கமுவ ஓயாவின் பள்ளத்தாக்கில் இருக்கிறது. நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,300 மீற்றர் உயரம். சுற்றியுள்ள தோட்டங்கள் அதற்கும் மேலே ஏறுகின்றன. இந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதைவிட ஏறத்தாழ 12 சதவீதம் குறைவு. நுவரெலியா நகரத்தின் 1,868 மீற்றரில் அது 17 சதவீதத்தை நெருங்கும்.

காபரேற்றர் காற்றை எடை போட்டு அளப்பதில்லை. அதன் வேகத்தால் உண்டாகும் உறிஞ்சலைக் கொண்டே பெற்றோலை இழுக்கிறது. அதனால் காற்று மெலிந்த அளவுக்குப் பெற்றோல் குறைவதில்லை. கணக்கிட்டால் கடற்கரையில் சரியாக இருந்த கலவை பொகவந்தலாவையில் 6, 7 சதவீதம் பெற்றோல் கூடியதாகிவிடும். புகை கூடும், ப்ளக் கருத்து ஈரமாகும், எக்ஸலேட்டரைத் திறந்தால் எஞ்சின் முனகிக்கொண்டே ஏறும். இழுவையும் குறையும். மெலிந்த காற்றால் வரும் இழப்பைக் காபரேற்றரின் எந்தத் திருகாலும் மீட்க முடியாது. கலவை கூடியதால் வரும் இழப்பை மட்டும்தான் மீட்கலாம். இதை அறியாமல் முழு பலத்தையும் தேடித் திருகைத் திருகிக்கொண்டே போகிறவர் எஞ்சினைக் கொன்றுவிடுவார்.

எதிர்த்திசை இன்னும் ஆபத்தானது. மலையில் சரியாகச் செட் பண்ணிய எஞ்சின் கினிகத்தேனை, அவிசாவளை வழியாகக் கொழும்புக்கு இறங்கும்போது எரிபொருள் குறைந்த கலவைக்குப் போய்விடுகிறது. தொடக்கத்தில் அது முன்பைவிட நன்றாக ஓடுவதாகவே தோன்றும்; ஆனால் பெற்றோலோடு ஒயிலும் குறைந்திருக்கும்.

மலைநாட்டின் காலையும் மதியமும்கூட ஒன்றல்ல. தை, மாசியில் விடியற்காலை 10 பாகை, நண்பகல் 25 பாகை என்றால், அந்த ஒரு நாளுக்குள்ளேயே காற்றின் அடர்த்தி 5 சதவீதம் மாறுகிறது. காலைக் குளிரில் இறுக்கமாகச் செட் பண்ணாமல் சிறிது பெற்றோல் கூட விட்டு வைப்பதுதான் அனுபவசாலிகளின் வழக்கம்.

ஸ்டார்ட் ஆகாத எஞ்சின்

கயிற்றைப் பத்துத் தடவை இழுத்தும் பிடிக்கவில்லை என்றால் பதினோராவது தடவை இழுக்கக் கூடாது. ப்ளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். ப்ளக் காய்ந்திருந்தால் பெற்றோல் வரவில்லை. ஈரமாக இருந்தால் பெற்றோல் வருகிறது, எரியவில்லை.

காய்ந்த ப்ளக்கின் காரணங்களைத் தாங்கியிலிருந்து தொடங்கிப் பார்ப்பது நல்லது. தாங்கிக்குள் குழாய் நுனியில் தொங்கும் சிறு ஃபில்டர் அடைத்திருக்கலாம்; குழாய் வெடித்திருக்கலாம்; மூடியின் காற்றுத் துவாரம் மண்ணால் மூடியிருக்கலாம். கடைசியாகச் சொன்னதைக் கண்டுபிடிப்பது எளிது: சில நிமிடம் ஓடி நிற்கும், மூடியைத் தளர்த்தினால் ‘உஸ்’ என்று காற்று உள்ளே போகும், மறுபடி ஓடும். இவை எல்லாம் சரியென்றால் காபரேற்றருக்குள் இருக்கும் மெல்லிய இரப்பர்ப் படலத்தைப் பார்க்க வேண்டும். சரிவில் எப்படிச் சாய்த்துப் பிடித்தாலும் மெசின் ஓடுவது இந்தப் படலத்தின் தயவால்தான். பழைய பெற்றோலில் ஊறி அது விறைத்துப்போனால், ஸ்லோவில் ஓடும் எஞ்சின் எக்ஸலேட்டரைத் தொட்டதும் அணைந்துவிடும். இளகிய புதுப் படலம் மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. பழையதைக் கழுவிப் போடுவது வீண் வேலை.

ஈரமான ப்ளக்கில் முதலில் தீப்பொறியைச் சோதிக்க வேண்டும். மழைக்கால மலைநாட்டில் இங்கே ஒரு தனிக் குற்றவாளி உண்டு: நிறுத்தும் சுவிட்ச். அதற்குள் ஈரம் இறங்கினால் சுவிட்ச் எப்போதும் ‘ஓஃப்’ நிலையிலேயே இருக்கும்; புதுப் ப்ளக், புதுக் கொயில் என்று எத்தனை மாற்றினாலும் பொறி வராது. சுவிட்ச் வயரைக் கழற்றிவிட்டுச் சோதித்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். பொறி நன்றாக இருந்தால் சோக்கைத் திறந்து, எக்ஸலேட்டரை முழுதாகப் பிடித்து, ப்ளக் இல்லாமலே சில தடவை இழுத்து, உள்ளே தேங்கிய பெற்றோலை வெளியேற்றிய பிறகு மீண்டும் முயல வேண்டும்.

அமுக்கம் இருக்கிறதா என்பதற்குக் கருவி இல்லாமலே ஒரு சோதனை செய்யலாம். கையில் தூக்கும் சிறு மெசினைக் கயிற்றுப் பிடியில் தொங்கவிட்டால் அது தயங்கித் தயங்கி இறங்க வேண்டும். சரசரவென்று விழுந்தால் பிஸ்டன் ரிங்கோ சிலிண்டரோ தேய்ந்திருக்கிறது.

ஓடும்போது வரும் கோளாறு

சுமையில்லாமல் முழு வேகத்தில் ஓடும் நல்ல டூ ஸ்ட்ரோக் எஞ்சின் லேசாகத் தடுமாறும். ஒன்று விட்டு ஒன்று வெடிப்பதுபோல ஒரு கரகரப்பு இருக்கும். புல்லில் வைத்ததும் அந்தக் கரகரப்பு மறைந்து சத்தம் தெளியும். இது கோளாறு அல்ல. பாதுகாப்புக்காக விட்டிருக்கும் மேலதிகப் பெற்றோலின் சத்தம் அது. பலர் இதைக் குறையென்று எண்ணி, உயர்வேகத் திருகை வலப்பக்கம் திருகி, வெறும் ஓட்டத்திலேயே விசில்போல் தெளிந்த சத்தம் வரும்வரை போய்விடுகிறார்கள். அந்தத் தெளிவு எரிபொருளும் ஒயிலும் குறைந்த எஞ்சினின் சத்தம். சில தாங்கி பெற்றோலுக்குள் பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிப் பிடித்துவிடும். திருகுவதானால் எட்டில் ஒரு சுற்று, பிறகு சுமையில் ஒரு சோதனை, பிறகுதான் அடுத்த எட்டில் ஒன்று.

எக்ஸலேட்டரை விட்ட பிறகும் வேகம் உடனே இறங்காமல் மேலேயே தொங்கி நின்றால், எங்கோ இருந்து திருட்டுக் காற்று நுழைகிறது என்று பொருள். காபரேற்றர் கேஸ்கட், கிராங்க் சீல் இரண்டும் முதலில் பார்க்க வேண்டியவை. இந்த நிலையில் திருகைத் தொடக் கூடாது. ஓட்டையைத் திருகால் மறைத்தால் ஓட்டை பெரிதாகும்போது எஞ்சின் போகும்.

மெதுவாக, வாரக்கணக்கில் பலம் இறங்கிக்கொண்டே வரும் மெசினில் பெரும்பாலும் சைலன்சருக்குள் கரி அடைத்திருக்கும். கழற்றி, மென்மையான மரக்குச்சியால் புகைத் துவாரத்தைச் சுரண்டினால் பழைய பலம் திரும்பும். சூடானதும் நின்று, ஆறியதும் ஓடும் எஞ்சினில் கொயிலைச் சந்தேகிக்கலாம்.

பிடித்துப்போன பிஸ்டனை எறியாமல் பார்ப்பது பயன் தரும். புகைத் துவாரப் பக்கம் மட்டும் கீறல் இருந்தால் சூடு, அதாவது எரிபொருள் குறைந்த கலவை. சுற்றிலும் கீறலென்றால் ஒயிலே கலக்கவில்லை. காற்று நுழையும் பக்கம் மங்கித் தேய்ந்திருந்தால் ஏர் ஃபில்டர் வழியாக மண் போயிருக்கிறது. காரணத்தைப் படிக்காமல் புதுப் பிஸ்டன் போட்டால் அதுவும் அதே வழியில் போகும். கொந்தரப்புக்குப் புல் வெட்டுகிறவருக்கு மெசின் நின்றால் அன்றைய கூலி நிற்கிறது. ஆகவே இந்தப் படிப்பு அவருக்கு வெறும் தொழில்நுட்ப ஆர்வம் அல்ல.

நைட்ரோ எஞ்சின்

நைட்ரோ காரின் எஞ்சின் பொதுவாக 2.1 முதல் 4.6 சிசி வரை. நிமிடத்துக்கு 30,000 சுற்றுகளைத் தாண்டக்கூடியது. எரிபொருள் மெதனோல், நைட்ரோமீதேன், ஒயில் மூன்றின் கலவை. கார்களுக்கான போத்தல்களில் நைட்ரோமீதேன் பெரும்பாலும் 10 முதல் 30 சதவீதம். 1947இல் அமெரிக்கரான ரே ஆர்டன் சந்தைக்குக் கொண்டுவந்த க்ளோ ப்ளக் இதன் உயிர்நாடி. அதிலுள்ள பிளாட்டினம் கம்பியை 1.5 வோல்ட் மின்சாரம் ஒருமுறை சிவக்க வைத்தால் போதும். ஓடத் தொடங்கியபின் மெதனோல் ஆவி பிளாட்டினத்தோடு சேர்ந்து நடத்தும் வினையும் வெடிப்பின் சூடும் கம்பியைச் சிவப்பாகவே வைத்திருக்கும்.

இங்கேயும் சோதனை ப்ளக்கில்தான் தொடங்குகிறது. கம்பி பளபளப்பாக இருந்தால் நலம். வெண்மை பூத்து மங்கியிருந்தால் எரிபொருள் குறைவு; கருத்து ஈரமாக இருந்தால் அதிகம்; நெளிந்தோ அறுந்தோ இருந்தால் அமுக்கம் கூடியிருக்கிறது அல்லது எஞ்சின் கடுமையாகச் சுட்டிருக்கிறது. மின்கலத்தைக் கழற்றியதும் எஞ்சின் அணைந்தால் ப்ளக் பழுது அல்லது ஸ்லோவில் எரிபொருள் கூடியிருக்கிறது.

மெல்வேகக் கலவையைச் சோதிக்க, சூடான எஞ்சின் ஸ்லோவில் ஓடும்போது எரிபொருள் குழாயை விரலால் நசுக்குவார்கள். இரண்டு மூன்று விநாடி ஓடி, வேகம் சற்றே ஏறி நின்றால் சரி. உடனே நின்றால் கலவையில் எரிபொருள் குறைவு. நீண்ட நேரம் ஓடி வேகம் மிகவும் ஏறினால் அதிகம். உயர்வேகத் திருகுக்கு ஹெட்டின் சூடு ஒரு வழிகாட்டி. பொதுவாக 100 முதல் 130 பாகை செல்சியஸுக்குள் இருப்பது பாதுகாப்பு. ஆனால் சூட்டுமானியை மட்டும் நம்பக் கூடாது. சைலன்சரிலிருந்து மெல்லிய நீலப் புகைக்கோடு தொடர்ந்து வருகிறதா என்பதே முதன்மையான அடையாளம். புகை நின்றால் ஒயிலும் நின்றது.

இந்த எஞ்சின்களில் பலவற்றில் ரிங் கிடையாது. சிலிண்டர் உறை மேலே சற்றுக் குறுகியிருக்கும். சூட்டில் விரிந்துதான் பிஸ்டனுக்குச் சரியான அளவாகும். புது எஞ்சின் உச்சியில் இறுகி நிற்பதும் இதனால்தான். மலைக் குளிரில் அந்த இறுக்கம் இன்னும் கூடும். கயிற்றை வலுவாக இழுத்தால் இணைப்புத் தண்டு உடையலாம். ஹெட்டை முதலில் சூடாக்கி, ப்ளக்கை அரைச்சுற்றுத் தளர்த்திச் சுற்றுவதே முறை. எரிபொருள் நிறைந்து இறுகினாலும் இதே எச்சரிக்கை: ப்ளக்கைக் கழற்றி, காரைக் கவிழ்த்து, வடித்த பிறகே இழுக்க வேண்டும்.

பொகவந்தலாவை உயரத்தில் ஓட்டுகிறவர் ஊசித் திருகைச் சிறிது இறுக்க வேண்டியிருக்கும். மெலிந்த காற்றில் அமுக்கமும் இறங்குவதால் சூடு கூடிய வகை ப்ளக் ஒன்றும், தேவைப்பட்டால் ஹெட்டுக்கு அடியிலுள்ள மெல்லிய தகட்டில் ஒன்றைக் குறைப்பதும் பலன் தரும். ஒரே நேரத்தில் இரண்டையும் மாற்றினால் எது உதவியது என்று தெரியாமல் போகும்.

மெதனோல் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். மூடுபனி நாளில் திறந்து வைத்த போத்தல் எரிபொருள், நல்ல எஞ்சினையும் கோளாறுள்ளதாகக் காட்டிவிடும். காரணம் புரியாத தடுமாற்றத்துக்கு முதலில் புதுப் போத்தல் திறந்து பார்ப்பது செலவு குறைந்த சோதனை. மெதனோல் கடும் நஞ்சு. சிறிதளவு வயிற்றுக்குள் போனாலும் கண் பார்வை போகலாம். அதன் தீச்சுவாலை பகலில் கண்ணுக்குத் தெரியாது. லயத்துக்குள் இந்த எஞ்சினை ஓட்டவோ, குடிநீர்ப் போத்தலில் எரிபொருளை ஊற்றி வைக்கவோ கூடாது.

பழுதுபார்க்கும் அறிவும் பராமரிப்பும்

இலங்கையில் டூ ஸ்ட்ரோக் எஞ்சினைப் பழுதுபார்க்கும் அறிவைப் பரவலாக்கியது முச்சக்கரவண்டி. டூ ஸ்ட்ரோக் முச்சக்கரவண்டிகளின் இறக்குமதி 2008 முதல் தடை செய்யப்பட்டது. ஆனால் அந்த எஞ்சின்களில் கைபழகிய மெக்கானிக் பாஸ்மாரின் காது இன்றும் சிறு எஞ்சின்களுக்குப் பயன்படுகிறது. அவர்களிடம் எழுதப்படாமல் இருக்கும் இந்த அறிவைப் பதிவு செய்வது அவசரமான வேலை.

மாதக்கணக்கில் நிறுத்தும் பெற்றோல் மெசினில் தாங்கியை வடித்து, காபரேற்றரில் மிச்சமிருப்பது தீரும்வரை ஓட்டிவிட வேண்டும். நைட்ரோ எஞ்சினுக்கு இதை ஒவ்வொரு நாள் ஓட்டத்தின் முடிவிலும் செய்ய வேண்டும். எரியாமல் தங்கும் எச்சம் பேரிங்கைத் துருப்பிடிக்க வைக்கும். எரிபொருள் தீர்ந்ததும் சில துளி மெல்லிய ஒயிலைக் காபரேற்றர் வழியாகவும் ப்ளக் துவாரம் வழியாகவும் விட்டுச் சில சுற்றுச் சுற்ற வேண்டும். பிஸ்டனை உச்சியில் இறுகிய நிலையில் விடாமல் கீழே இறக்கி வைத்தால், அடுத்த முறை குளிரில் அது உறையோடு ஒட்டிப் பிடிக்காது.