இரட்டைத் திருமணப் பதிவு

ஒரே தம்பதியின் கல்யாணம் இரண்டு ஏடுகளில், பல வேளை இரண்டு தேதிகளில் கிடைப்பது இரட்டைத் திருமணப் பதிவு. வம்சாவளி தேடுபவருக்கு எழுத்தர் எவரோ கோட்டைவிட்டதாகவே முதலில் தோன்றும். பெரும்பாலும் இரண்டும் சரிதான். பதிந்த காரியம்தான் வேறு.

பெசன்ட் நகர் அன்னை வேளாங்கண்ணி ஆலயத்தில் நடக்கும் திருமணம் ஆலயத்தின் திருமண ஏட்டில் ஏறும். மணப்பெண் சாந்தோமில் ஞானஸ்நானம் பெற்றவர் என்றால் அங்குள்ள ஞானஸ்நானப் புத்தகத்தில் அவர் பெயருக்குப் பக்கத்திலும் ஒரு குறிப்பு சேரும். இருவரும் வெவ்வேறு பங்கினர் என்றால் திருமண அறிவிப்பான ஓலை வாசிப்பு இரண்டு இடத்திலும் உண்டு. ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமையைக் கல்யாண நாளாகக் கொண்டால் கணக்கு உதைக்கும்.

2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் இரட்டைப் பதிவைக் கட்டாயமாகவே ஆக்கியது. அவ்வாண்டு நவம்பர் 24 முதல் நடக்கும் திருமணம், மதம் சார்ந்த வேறு ஏட்டில் ஏறியிருந்தாலும், அரசுப் பதிவேட்டிலும் ஏற வேண்டும். போதாததற்கு, விசாவுக்காக முதலில் ரிஜிஸ்தர் கல்யாணம், மாதங்கள் கழித்து மண்டபத்தில் முகூர்த்தம் என்பதும் சகஜமாகிவிட்டது.

பிரதி எடுப்பதும் பழைய வழக்கம். புனித ஜார்ஜ் கோட்டையின் புனித மேரி தேவாலயத்தில்தான் 1680இல் எலிஹு யேலும் 1753இல் ராபர்ட் கிளைவும் மணம் முடித்தார்கள். இது போன்ற சென்னை மாகாணத் தேவாலயங்களின் பதிவுகளைப் படியெடுத்து லண்டனுக்கு அனுப்பினார்கள். அவை இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. படியெடுத்தவர் கையில் பெயரின் எழுத்து மாறினால் ஒருவர் இருவராகிவிடுவார்.

ஏடே இல்லாத வீடுகளில் மஞ்சள் தடவிய பத்திரிகைதான் சான்று. அதில் ஆங்கில ஆண்டு இல்லாவிட்டால் ஆபத்து: சித்திரபானு வருஷம் 1942இலும் வந்தது, 2002இலும் வந்தது. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் குடும்பத்தில், ஒரே பெயரும் ஒரே வருஷமும் கொண்ட இரண்டு பத்திரிகைகள் ஒரே டிரங்குப் பெட்டியில் இருக்கலாம். தமிழ்த் தேதியையும் கிழமையையும் பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டால் விடை கிடைக்கும். தாலி இரண்டாம் முறை ஏறும் சஷ்டியப்தபூர்த்திப் பத்திரிகையும் கல்யாணப் பத்திரிகை போலவே மயக்கும். அதில் யார் அழைக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அழைப்பது பிள்ளைகள் என்றால் அது அறுபதாம் கல்யாணம்.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. இரண்டு பதிவிலும் மாப்பிள்ளை பெயர் ஒன்றே, மாமனார் பெயரும் ஒன்றே, ஆண்டு வேறு. பெண்ணின் பெயர் லேசாகத் திரிந்திருக்கிறது. இதை இரட்டைப் பதிவென்று ஒன்றாக்கிவிடக் கூடாது. பிரசவத்தில் மூத்தவள் போனபின் தங்கையை இரண்டாந்தாரமாகக் கொடுத்த வீடுகள் அந்நாளில் ஏராளம். அப்படி ஒன்றாக்கினால் மூத்தவளின் பெயர் வம்சாவளியிலிருந்தே அழிந்துபோகும். அவள் பெற்ற குழந்தையும் தங்கையின் பிள்ளையாகிவிடும்.