அம்பாசிடர்: பழசு நல்லதா, புதுசு நல்லதா?

அம்பாசிடர் பிரியர்கள் இரண்டு பேர் சந்தித்தால் ஒரு சண்டை நிச்சயம். ஒருவர், "மார்க் 2 தான்யா வண்டி. அதுக்கப்புறம் வந்ததெல்லாம் வெறும் தகரம்" என்பார். இன்னொருவர், "போங்க சார், இசுசு இன்ஜின் வந்த பிறகுதான் அதை கார்னே சொல்ல முடிஞ்சது" என்பார். இரண்டு பேருமே விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

இந்தச் சண்டையைத் தீர்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. பழைய மாடலையும் புதிய மாடலையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, எந்த வருடம் எது மாறியது என்று ஒரு பட்டியல் போட வேண்டியதுதான். அப்படிப் போட்டால் ஒரு வேடிக்கை தெரியும். அது காரின் வரலாறு மட்டுமில்லை, இந்தியப் பொருளாதாரத்தின் வரலாறும் கூட!

பிறந்த கதை

பி.எம். பிர்லாவின் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1942ல் குஜராத்தின் ஓகா துறைமுகத்தில் ஆரம்பித்தது. 1948ல் மேற்கு வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்தில் உள்ள உத்தர்பாராவுக்கு மாறியது. அங்கே பிரிட்டனின் மோரிஸ் கம்பெனி கார்களை இந்தியப் பெயரில் தயாரித்தார்கள். ஹிந்துஸ்தான் 10, ஹிந்துஸ்தான் 14, லேண்ட்மாஸ்டர் எல்லாம் அந்த வகைதான்.

1956ல் பிரிட்டனில் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் சீரிஸ் 3 வந்தது. அதே கார்தான் கொஞ்ச நாளில் உத்தர்பாராவில் அம்பாசிடராகப் பிறந்தது. பிரிட்டனில் ஆக்ஸ்ஃபோர்டின் அந்த உருவம் 1959லேயே மறைந்துவிட்டது. இங்கே அதே உருவம் 2014 வரை ஓடியது. தாய்வீட்டில் மூன்று வருடம், புகுந்த வீட்டில் ஐம்பத்தைந்து வருடத்துக்கும் மேல்!

மார்க் 1 முதல் மார்க் 4 வரை: மாறியது மூஞ்சி மட்டும்

முதலில் வந்த அம்பாசிடரில் இருந்தது 1476 சிசி சைடு வால்வு இன்ஜின். 1959ல் அதை எடுத்துவிட்டு 1489 சிசி, 55 குதிரைத்திறன் கொண்ட பிஎம்சி பி-சீரிஸ் இன்ஜினைப் பொருத்தினார்கள். இது உண்மையான முன்னேற்றம். இந்த இன்ஜினை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கதை முழுக்க இது வரும்.

1960களின் தொடக்கத்தில் மார்க் 2 வந்தது. முன்பக்க கிரில் சின்னச் சின்ன கட்டம் போட்டதாக மாறியது, டேஷ்போர்டு மாறியது. 1975ல் மார்க் 3 வந்தது. மறுபடியும் கிரில் மாறியது, இண்டிகேட்டர் விளக்கு மாறியது. 1979ல் மார்க் 4 வந்தது. என்ன மாறியது? அதேதான். கிரில், விளக்கு.

பானெட்டைத் திறந்தால் அதே 1489 சிசி. ஸ்டியரிங் தண்டில் ஒட்டியிருக்கும் அதே நாலு கியர். முன்னால் டார்ஷன் பார், பின்னால் பட்டை ஸ்பிரிங், நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். 1962ல் வாங்கிய அப்பாவும் 1982ல் வாங்கிய பிள்ளையும் கிட்டத்தட்ட ஒரே காரைத்தான் ஓட்டினார்கள்.

ஏன் மாற்றவில்லை?

"சோம்பேறித்தனம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். ஆனால் அது பாதி உண்மைதான்.

அன்றைய சந்தையைப் பாருங்கள். 1951ம் வருட தொழில்கள் (வளர்ச்சி மற்றும் ஒழுங்குமுறை) சட்டப்படி, எத்தனை கார் தயாரிக்கலாம் என்பதற்குக் கூட அரசின் லைசென்ஸ் வேண்டும். 1953ல் அரசு, உள்நாட்டிலேயே முழுசாகத் தயாரிக்கும் திட்டம் இல்லாதவர்கள் இருக்க வேண்டியதில்லை என்று முடிவெடுத்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டின. மிச்சம் இருந்தது முக்கியமாக மூன்று பேர். உத்தர்பாராவில் அம்பாசிடர், பம்பாயில் பிரீமியரின் ஃபியட், நம்ம சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூரில் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. இறக்குமதி கிட்டத்தட்ட மூடிய கதவு.

வாங்குபவர்கள் பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். செய்தது அத்தனையும் விற்றுவிடும் என்றால், கோடிக்கணக்கில் செலவு செய்து புது இன்ஜின் எதற்கு? காமர்ஸ் படிக்கும் யாரும் இதைப் புரிந்துகொள்வார்கள். முதலீடு செய்தால் லாபம் கூட வேண்டும். இங்கே செய்தாலும் செய்யாவிட்டாலும் விற்பனை ஒன்றுதான்.

அதற்கு மேல் விலையும் கம்பெனி கையில் இல்லை. 1969ல் அரசே கார் விலையைச் சட்டப்படி நிர்ணயித்தது. கம்பெனிகள் வழக்கு போட்டு, விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. எண்ணிக்கைக்கு லைசென்ஸ், விலைக்குக் கட்டுப்பாடு, வெளியிலிருந்து இயந்திரம் வாங்க அந்நியச் செலாவணி இல்லை. இப்படி ஒரு சந்தையில் மாற்றத்துக்குப் பரிசும் கிடையாது, மாறாததற்குத் தண்டனையும் கிடையாது. கிரில்லை மாற்றுவதுதான் மலிவு. அதைச் செய்தார்கள்.

மாறாததில் ஒரு நன்மை

ஆனால் இதற்கு இன்னொரு பக்கம் உண்டு. பழைய வண்டிக்காரர்கள் சொல்வதில் நியாயம் இருப்பது இங்கேதான்.

இருபது வருடம் ஒரே இன்ஜின் ஓடினால் என்ன ஆகும்? ஊருக்கு ஊர் அதைப் பிரித்து மாட்டத் தெரிந்த மெக்கானிக் இருப்பார். ஸ்பேர் பார்ட்ஸ் எந்த டவுனிலும் கிடைக்கும். நடுராத்திரி நடுக்காட்டில் நின்றாலும், ஒரு ஸ்பேனரும் கொஞ்சம் கம்பியும் இருந்தால் வீடு வந்து சேரலாம். கியர் ஸ்டியரிங்கில் இருந்ததால் முன் சீட் ஒரே பெஞ்ச். முன்னால் மூன்று பேர், பின்னால் நாலு பேர், மடியில் குழந்தைகள், டிக்கியில் கல்யாணச் சீர்வரிசை... இந்தக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு நம் ரோட்டுப் பள்ளத்தில் இறங்கி ஏற வேறு எந்தக் கார் இருந்தது?

டாக்ஸிக்காரர்களுக்கும் அரசு அலுவலகங்களுக்கும் இதைவிட வேறு என்ன வேண்டும்? 1980ல் வந்த டீசல் மாடலும் அவர்களை மனதில் வைத்து வந்ததுதான். 37 குதிரைத்திறன்தான். மேட்டில் ஏறும்போது ஆமை வேகம்தான். ஆனால் 1973, 1979 எண்ணெய் நெருக்கடிகளுக்குப் பிறகு பெட்ரோல் விலையில் நொந்து போயிருந்த டாக்ஸி ஓனருக்கு அது வரப்பிரசாதம். போட்டியாளர் இல்லாவிட்டாலும், வாடிக்கையாளரின் பாக்கெட் வலித்தபோது வண்டி மாறியது என்பதைக் கவனிக்க வேண்டும்.

1983: ஒரு சின்னக் கார் வந்தது

1983 டிசம்பர் 14ம் தேதி டெல்லியில் இந்திரா காந்தி முதல் மாருதி 800ன் சாவியைக் கொடுத்தார். 796 சிசி, மூன்று சிலிண்டர். இன்ஜின் அம்பாசிடரில் பாதி, எடையும் ஏறக்குறைய பாதி. பெட்ரோல் குறைவாகக் குடித்தது, சாவியைத் திருப்பியதும் கிளம்பியது, ஓட்டக் கை வலிக்கவில்லை. குடும்பக் கார் என்றால் அம்பாசிடர் என்றிருந்த நிலை சில வருடங்களில் தலைகீழானது.

இப்போது உத்தர்பாரா என்ன செய்தது? 1984ல் காண்டஸா என்று ஒரு புதுக் கார் விட்டார்கள். நீளமான, அழகான கார். பானெட்டைத் திறந்தால்... அதே 1489 சிசி! அந்தப் பெரிய உடம்பை இழுக்க அது திணறியது. பிறகு 1980களின் பிற்பகுதியில் ஜப்பானின் இசுசு 1.8 லிட்டர் இன்ஜின் காண்டஸாவுக்குக் கிடைத்தது.

ஆக, நல்ல இன்ஜின் கம்பெனி கையில் வந்துவிட்டது. ஆனால் அம்பாசிடருக்கு அதைக் கொடுக்கவில்லை. 1990ல் வந்த நோவாவிலும் கிரில், ஸ்டியரிங், பிரேக் என்று சில திருத்தங்கள்தான், இன்ஜின் பழசுதான். 1992ல்தான் 1800 ஐஎஸ்இசட் வந்தது. சுமார் 75 குதிரைத்திறன், தரையில் கியர், ஐந்து கியர். 1959க்குப் பிறகு முப்பத்து மூன்று வருடம் கழித்து அம்பாசிடரின் பெட்ரோல் இன்ஜின் மாறியது. 1991ல் தாராளமயமாக்கல் ஆரம்பித்திருந்தது. 1993ல் கார் தொழிலுக்கு லைசென்ஸே வேண்டாம் என்றாகிவிட்டது. தேதிகளை வரிசையாகப் பாருங்கள், காரணம் தானாகத் தெரியும்.

அப்படியானால் எது நல்லது?

ஓட்டிப் பார்த்தால் 1800 ஐஎஸ்இசட் தான் நல்ல கார். இதில் சந்தேகமே வேண்டாம். லாரியை முந்த தைரியம் வரும், மலையில் மூச்சு வாங்காது. ஆனால் கியர் தரைக்கு வந்ததும் முன் சீட்டின் நடு ஆளுக்கு இடம் போனது. புது இன்ஜினைப் பழக பழைய மெக்கானிக்குக்கு நாளாயிற்று. முக்கியமாக, 1990களின் இதயத்தை 1950களின் உடம்பில் வைத்திருந்தார்கள். அதே விலை வட்டாரத்தில் அதைவிட நவீனமான கார்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன.

பழைய மார்க் 2 ஓட்டுவதற்குச் சுமாரான கார். ஆனால் அதன் காலத்துக்கும் ரோட்டுக்கும் பொருந்திய கார். அதாவது பழசு, சுமாரான கார் சரியான நேரத்தில் கிடைத்த கதை. புதுசு, நல்ல கார் பத்து வருடம் தாமதமாக வந்த கதை. இசுசு இன்ஜின் 1982ல் அம்பாசிடருக்கு வந்திருந்தால் மாருதிக்கு அவ்வளவு எளிதாக வழி கிடைத்திருக்குமா என்பது நல்ல கேள்விதான்.

கடைசி வருடங்கள்

2003ல் கிராண்ட் வந்தது. 2004ல் அவிகோ வந்தது. அவிகோவின் முகப்பைப் பழங்காலக் கார் போல அமைத்திருந்தார்கள். புது மாடல், பழசு மாதிரி வேஷம் போட ஆரம்பித்துவிட்டது! விற்பதற்கு நினைவுகளைத் தவிர வேறு சரக்கு இல்லை என்று அர்த்தம். பெரிய நகரங்களில் பாரத் ஸ்டேஜ் 4 புகை விதி வந்தபோது பழைய டீசல் இன்ஜின் தேறவில்லை. விதிக்கு ஏற்ற என்கோர் மாடல் வருவதற்குள் 2013 ஆகிவிட்டது. அதே 2013ல்தான் பிரிட்டனின் டாப் கியர் நிகழ்ச்சி உலகத்தின் சிறந்த டாக்ஸி என்று அம்பாசிடரைத் தேர்ந்தெடுத்தது. பாராட்டு வந்தது, ஆர்டர் வரவில்லை.

1980களின் நடுவில் வருடத்துக்கு சுமார் 24,000 கார் விற்ற கம்பெனி, கடைசியில் வருடத்துக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் விற்றது. 2014 மே மாதம் உத்தர்பாரா தொழிற்சாலையில் வேலை நிறுத்திவைக்கப்பட்டது. இரண்டாயிரத்துக்கும் அதிகமான தொழிலாளர்கள் வாசலில் நின்றார்கள். 2017ல் அம்பாசிடர் என்ற பெயரை மட்டும் 80 கோடி ரூபாய்க்கு பிரான்ஸின் பெஜோ வாங்கியது.

இதில் யோசிக்க வேண்டியது அந்தத் தொழிலாளர்களைத்தான். கிரில்லை மட்டும் மாற்றலாம் என்று முடிவெடுத்தது அவர்கள் இல்லை. லைசென்ஸ் முறையைக் கொண்டு வந்ததும் அவர்கள் இல்லை. போட்டியிலிருந்து பாதுகாக்கிறோம் என்று போட்ட வேலி, நாற்பது வருடம் கழித்து அவர்கள் வேலையைத்தான் தின்றது. பாதுகாப்பு தப்பில்லை. ஜப்பானும் கொரியாவும் கூட தங்கள் கார் தொழிலைப் பாதுகாத்துத்தான் வளர்த்தன. ஆனால் அங்கே வெளிநாட்டில் விற்றுக் காட்ட வேண்டும் என்ற நெருக்கடி இருந்தது. இங்கே அது இல்லை.

அடுத்த முறை எங்காவது பழைய அம்பாசிடரைப் பார்த்தால், முதலில் கிரில்லைப் பாருங்கள், எந்த வருட மாடல் என்று தெரியும். அப்புறம் பானெட்டைத் திறக்கச் சொல்லுங்கள். அந்த வருடம் நாடு எப்படி இருந்தது என்று தெரியும்.