விழுப்புரம் மாவட்டத்தில் நடுநிலைப்பள்ளிக் கணிதக் கல்வி

விழுப்புரம் மாவட்டத்தில் நடுநிலைப்பள்ளிக் கணிதக் கல்வி என்பது அம்மாவட்டத்தின் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் 6 முதல் 8 வரையான வகுப்புகளில் கணிதம், குறிப்பாக வடிவியலும் இயற்கணிதமும், கற்பிக்கப்பட்டு வரும் முறையைக் குறிக்கும். இம்மாவட்டம் 1993 செப்டம்பர் 30 அன்று தென்னார்க்காடு மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. 2019 ஆம் ஆண்டில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. விழுப்புரமும் திண்டிவனமும் இதன் முதன்மையான நகரங்கள் ஆகும். பாடநூல் தமிழ்நாடு முழுமைக்கும் ஒன்றே எனினும், நில அளவை வழக்கு, பருவகால இடப்பெயர்வு, பெருந்தொற்றுக் காலப் பள்ளி மூடல் ஆகியவற்றால் இங்குள்ள வகுப்பறைகளுக்கென்று சில தனித்தன்மைகள் உண்டு.

கலைச்சொற்கள்

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் வடிவியல், இயற்கணிதம் என வழங்குவனவற்றை இலங்கைத் தமிழ் நூல்கள் முறையே கேத்திரகணிதம், அட்சரகணிதம் என்று வழங்கும். தமிழ்நாட்டின் முக்கோணம் இலங்கையில் முக்கோணி ஆகும். அட்சரம் என்பது எழுத்து. எண்ணுக்குப் பதிலாக எழுத்தை வைத்துக் கணக்கிடுதல் என்னும் பொருள் அப்பெயரிலேயே விளங்குவதால், தொடக்க நிலை மாணவருக்கு அதுவே பொருத்தமான சொல் எனலாம். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் மாறிகளுக்கு ஆங்கில எழுத்துகளையே பயன்படுத்துகின்றன. இக்கட்டுரையில் அவற்றுக்குப் பதிலாகத் தமிழ் எழுத்துகள் தரப்பட்டுள்ளன.

மரபு வழிக் கணக்கு

திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி மனப்பாடமாகக் கற்பிக்கப்பட்டது. அதன் ஒரு பகுதியான குழிமாத்து, நிலத்தின் பக்க அளவுகளைப் பெருக்கிப் பரப்பைக் கூறும் வாய்பாடு ஆகும். கணக்கதிகாரம் என்னும் நூல் வட்டத்தின் பரப்பைக் காண, சுற்றளவின் பாதியை விட்டத்தின் பாதியால் பெருக்கச் சொல்கிறது. இன்றைய மாணவர் கற்கும் வாய்பாட்டுக்கு இது முற்றிலும் சமமானது. பை என்னும் குறியீட்டை அறியாமலேயே இதனைக் கையாள முடியும்.

இப்பகுதியின் நில அளவை வழக்கு இன்றும் மறையவில்லை. 24 அடி பக்கமுள்ள சதுரம் ஒரு குழி, அதாவது 576 சதுர அடி. 100 குழி ஒரு காணி. ஆகவே ஒரு காணி 57,600 சதுர அடி, ஏறத்தாழ 1.32 ஏக்கர். தஞ்சைப் பகுதியிலோ குழி என்பது 12 அடி பக்கமுள்ள சதுரம், 144 சதுர அடி மட்டுமே. பக்கம் இரு மடங்கானால் பரப்பு நான்கு மடங்காகும் என்பதை விளக்க இவ்விரு குழிகளை விடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. பாடநூல் மாநிலம் முழுமைக்கும் பொதுவானது என்பதால் இத்தகைய வட்டார அளவைகளுக்கு அதில் இடம் குறைவு; அவற்றை வகுப்பிற்குக் கொண்டுவருவது ஆசிரியரின் விருப்பத்தைப் பொறுத்ததாகவே உள்ளது.

பாடத்திட்டம்

2010 ஆம் ஆண்டின் சட்டத்தின்படி சமச்சீர்க் கல்வி முதலில் 1, 6 ஆம் வகுப்புகளில் நடைமுறைக்கு வந்தது. 2011 இல் அதனை நிறுத்திவைக்க மேற்கொள்ளப்பட்ட முயற்சி, அவ்வாண்டு ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பால் முடிவுக்கு வந்தது. 2012-13 முதல் முப்பருவ முறையும் முழுமையான தொடர் மதிப்பீடும் பின்பற்றப்பட்டன. அதில் வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 மதிப்பெண்கள். திருத்தப்பட்ட பாடநூல்கள் 6 ஆம் வகுப்பிற்கு 2018 இலும், 7, 8 ஆம் வகுப்புகளுக்கு 2019 இலும் வெளிவந்தன.

இதன்படி 6 ஆம் வகுப்பில் இயற்கணிதம் அறிமுகமாகிறது. 7 ஆம் வகுப்பில் கோவைகள், ஒத்த உறுப்புகள், எளிய சமன்பாடுகள், முற்றொருமைகள் ஆகியனவும், முக்கோணத்தின் பண்புகளும் சர்வசமத் தன்மையும் இடம்பெறுகின்றன. பிதாகரசு தேற்றமும் காரணிப்படுத்தலும் 8 ஆம் வகுப்பிற்கு உரியன. செங்கோணத்தைச் சரிபார்க்க 3, 4, 5 என்னும் அளவுகளில் நூல் பிடிக்கும் கொத்தனாரின் பழக்கம் இத்தேற்றத்தின் மறுதலையே ஆகும். கொத்தனாரின் மூலைமட்டமும் மாணவரின் கணிதப் பெட்டியில் உள்ள மூலைமட்டமும் பெயராலும் பயனாலும் ஒன்றே.

வடிவமும் எழுத்தும்

மாணவர் பரவலாகச் செய்யும் பிழைகளுள் ஒன்று (அ + ஆ)² என்பதை அ² + ஆ² என எழுதுவதாகும். 13² என்பதை 10² + 3² எனக் கொண்டால் 109 கிடைக்கும். உண்மை விடை 169. விடுபட்ட 60 எங்கே என்பதை எழுத்துகளால் விளக்குவதை விடப் படத்தால் விளக்குவது எளிது. 13 அலகு பக்கமுள்ள சதுரத்தை 10, 3 எனப் பிரித்துக் கோடிட்டால் இரு சதுரங்களுடன் 10 × 3 அளவுள்ள இரு செவ்வகங்களும் தோன்றும். அவையே 2அஆ. பாடநூலில் இப்படம் உள்ளது. ஆயினும் தேர்வில் சூத்திரம் மட்டுமே கேட்கப்படும்போது படம் கைவிடப்படுகிறது.

புள்ளிக் கோலமும் இவ்வாறே பயன்படும். நேர்ப்புள்ளியில் 7 முதல் 1 வரை வைக்கும் கோலத்தில் 1, 3, 5, 7, 5, 3, 1 என மொத்தம் 25 புள்ளிகள் அமையும். இதில் 1 + 3 + 5 + 7 என்பது 4². எஞ்சிய 5 + 3 + 1 என்பது 3². 9 புள்ளியில் தொடங்கினால் 5² + 4², அதாவது 41. நடு வரிசையில் 2க − 1 புள்ளிகள் இருப்பின் மொத்தம் க² + (க − 1)² ஆகும். மார்கழியில் வாசலில் கோலமிடும் சிறுமிக்கு விடை முன்பே தெரியும். அதனை எழுத்தில் பொதுமைப்படுத்துவதே இயற்கணிதத்தின் பணி. 1970களில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி முதலானோர் கோலங்களைக் கணினியியலின் வடிவ இலக்கணங்களோடு இணைத்து ஆய்ந்தது இங்குக் குறிப்பிடத்தக்கது.

கற்பித்தல் முறைகள்

2000களின் பிற்பகுதியில் 6 முதல் 8 வரையான வகுப்புகளில் படைப்பாற்றல் கல்வி என்னும் முறை கொண்டுவரப்பட்டது. பாடத்தைப் படித்தல், மனவரைபடம் வரைதல், குழுவில் கலந்துரையாடல் என்பன அதன் படிநிலைகள். சமூக அறிவியலுக்கு நன்கு பொருந்திய இம்முறை, படிப்படியாகச் செய்து பழக வேண்டிய இயற்கணிதத்திற்கு அவ்வளவாகப் பொருந்தவில்லை என்றே கொள்ள வேண்டும். அதே காலகட்டத்தில், தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு 2005 க்காகச் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த இரா. இராமானுஜம் தலைமையில் அமைந்த குழு, பெரும்பாலான குழந்தைகளிடம் கணிதம் அச்சத்தையும் தோல்வி உணர்வையும் விளைவிப்பதைத் தன் முதன்மைக் கவலையாக முன்வைத்தது.

இடைவெளிகள்

வரலாற்றில் ஒரு பாடத்தைத் தவறவிட்டவர் அடுத்த பாடத்தைப் படித்துவிட முடியும். கணிதத்தில் அவ்வாறு இயலாது. கரும்பு வெட்டுக்கும் செங்கல் சூளைக்கும் பெற்றோருடன் இடம்பெயரும் குழந்தை ஒரு பருவம் கழித்துத் திரும்பும்போது, வகுப்பு ஒத்த உறுப்புகளைக் கடந்து சமன்பாட்டிற்குச் சென்றிருக்கும். 8 ஆம் வகுப்பு வரை எவரும் நிறுத்திவைக்கப்படுவதில்லை என்பதால் இவ்விடைவெளி ஏட்டில் தெரிவதில்லை. 10 ஆம் வகுப்புப் பொதுத்தேர்விலேயே வெளிப்படுகிறது. இதற்காகக் குழந்தைகளை அதே வகுப்பில் நிறுத்துவது தீர்வாகாது. நிறுத்தப்பட்டவர் பள்ளியை விட்டே நின்றுவிடும் வாய்ப்பு மிகுதி.

இவ்விடைவெளி பெரிய அளவில் ஏற்பட்டது கோவிடு-19 காலத்திலாகும். 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகள் 1 முதல் 8 வரையான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றே திறந்தன. 6 ஆம் வகுப்பின் இறுதியில் வீட்டிற்குச் சென்ற மாணவர், 8 ஆம் வகுப்பு மாணவராகத் திரும்பினார். இயற்கணிதம் வேரூன்ற வேண்டிய 7 ஆம் வகுப்பு முழுவதும், திறன்பேசியோ கல்வித் தொலைக்காட்சியோ கிடைத்த அளவிலேயே கழிந்தது.

இதனை ஈடுசெய்யும் நோக்கில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் 2021 அக்டோபர் 27 அன்று இம்மாவட்டத்தின் மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலினால் தொடங்கி வைக்கப்பட்டது. தன்னார்வலர்கள் மாலை 5 முதல் 7 மணிக்குள் குடியிருப்புகளுக்கு அருகிலேயே கற்பித்தனர். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையாக வழங்கப்பட்டது.

உதவித்தொகைத் தேர்வு

8 ஆம் வகுப்பில் எழுதப்படும் தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்பு உதவித்தொகைத் தேர்வில் மனத்திறன் வினாக்களுடன் கணித வினாக்களும் உண்டு. தேர்ச்சி பெற்றுத் தெரிவாகும் மாணவருக்கு 9 முதல் 12 ஆம் வகுப்பு வரை உதவித்தொகை வழங்கப்படுகிறது. முன்பு ஆண்டுக்கு 6,000 ரூபாயாக இருந்த இத்தொகை 2017 இல் 12,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. கூலி வேலை செய்யும் குடும்பங்களில், 14 வயதில் ஒரு பிள்ளை வேலைக்குச் செல்வதா, 9 ஆம் வகுப்பிற்குச் செல்வதா என்பதை மாதம் 1,000 ரூபாய் மாற்றக்கூடும். ஆதலால் அரசுப் பள்ளி ஆசிரியர் பலர் பள்ளி நேரத்திற்கு அப்பாலும் இத்தேர்வுக்குப் பயிற்சி அளிக்கின்றனர்.