எல்லாக் கால் வலியும் இர்குன்னஸா அல்ல: நரம்பு எங்கே சிக்கியிருக்கிறது என்று பாருங்கள்

மதரஸாவில் ஓதிய நாட்களில் கிதாபுக்கு முன் சம்மணமிட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால், நமக்குக் கால் மரத்துப் போகும். ஊசி குத்துவது போல் சுருசுருக்கும். இரண்டு உதறு உதறினால் சரியாகிவிடும். அழுத்தத்தில் இருந்த நரம்பு விடுபட்டதன் அடையாளம் அது. அதே அழுத்தம் மணிக்கணக்கில், நாள்கணக்கில் ஒரே இடத்தில் விழுந்தால் உதறினாலும் சரியாகாது. பாதமே தூக்க வராமல் போகலாம்.

இடுப்பிலிருந்து கால் வழியே இறங்கும் வலியை அரபியில் 'இர்குன்னஸா' என்பார்கள். யஃகூப் (அலை) அவர்களுக்கு இந்த நோய் இருந்ததாக ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 93ஆம் வசனத்துக்கான விளக்கத்தில் முஃபஸ்ஸிர்கள் எழுதியிருக்கிறார்கள். செம்மறியாட்டு வால் கொழுப்பை உருக்கி மூன்று நாள் வெறும் வயிற்றில் குடிப்பது இதற்கு மருந்து என்று அனஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் இப்னு மாஜாவில் உள்ளது. இதைக் கேள்விப்பட்ட நம் மக்களில் சிலர், காலில் எந்த வலி வந்தாலும் கொழுப்பைத் தேடுகிறார்கள். இமாம் இப்னுல் கய்யிம் 'ஸாதுல் மஆத்' நூலில் இந்த ஹதீஸை விளக்கும்போது, இது ஹிஜாஸ் அரபிகளையும் குறிப்பாகப் பாலைவனவாசிகளையும் நோக்கிச் சொல்லப்பட்டது என்கிறார். இந்த நோய் வறட்சியாலும் வரலாம், கெட்டியான பிசுபிசுப்புப் பொருளாலும் வரலாம் என்பது அவர் கருத்து. நோய் எந்த வகை என்று முதலில் அறிய வேண்டும் என்பதை அன்றே நம் அறிஞர்கள் சொல்லிவிட்டார்கள்.

நம் டெல்டாவில் அடிக்கடி தவறவிடப்படும் வகை ஒன்று உண்டு. சம்பா, தாளடி அறுவடைக்குப் பின் வயலில் உளுந்தும் பயறும் விளைகின்றன. அதைப் பறிக்கிறவர்கள் காலை முதல் மதியம் வரை குந்தி உட்கார்ந்தபடியே நகர்வார்கள். முழங்காலுக்கு வெளிப்பக்கம், சற்றுக் கீழே தடவிப் பாருங்கள். ஒரு எலும்புக் குமிழ் தட்டுப்படும். அதன் கழுத்தைச் சுற்றித் தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது பெரோனியல் நரம்பு. பாதத்தை மேலே தூக்கும் தசைகளுக்கு இதுதான் கட்டளை கொண்டு போகிறது. நெடுநேரம் குந்தினால் இந்த நரம்பு அந்த இடத்தில் நசுங்கும். மேலைநாடுகளில் ஸ்ட்ராபெர்ரி பறிக்கும் கூலிகளிடம் இதைக் கண்டு, அந்தப் பழத்தின் பெயரையே நோய்க்கும் வைத்தார்கள். உளுந்து பறிக்கிறவர்களுக்குத்தான் யாரும் பெயர் வைக்கவில்லை.

எங்கள் மஹல்லாவை ஒட்டிய தெருவில் ஒரு பெண்மணிக்கு இப்படி ஆனது. வலி பெரிதாக இல்லை. நடக்கும்போது பாதம் தரையில் தட்டியது, செருப்பு கழன்று விழுந்தது. வீட்டார் பக்கவாதம் என்று பயந்தார்கள். பிறகு யாரோ 'டிஸ்க்' என்றார்கள். நான்கு மாதம் எண்ணெய் தேய்ப்பிலேயே போனது. மருத்துவர் முழங்கால் ஓரத்தில் விரலால் தட்டியதும் பாதம் வரை சுரீரென்று ஓடியது. நரம்பு சிக்கிய இடம் தெரிந்துவிட்டது.

இடத்தைக் கண்டுபிடிக்க மருத்துவர் செய்யும் இன்னொரு எளிய சோதனை உண்டு. பாதத்தை மேலே தூக்க முடியவில்லை, ஆனால் உள்பக்கமாகத் திருப்புவதில் பலம் இருக்கிறது என்றால், கோளாறு முழங்கால் ஓரத்தில் இருக்க வாய்ப்பு அதிகம். உள்பக்கம் திருப்பவும் பலமில்லை, முதுகிலிருந்து வலியும் இறங்குகிறது என்றால் இடுப்புத் தண்டில் நரம்பு வேர் நெருக்கப்படுவதைச் சந்தேகிப்பார்கள். நரம்பில் மின்துடிப்பு எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று அளக்கும் நெர்வ் கண்டக்‌ஷன் டெஸ்ட் இதை உறுதி செய்யும். பாதிப்பு தொடங்கி மூன்று வாரம் ஆன பிறகு எடுத்தால் முடிவு தெளிவாக இருக்கும்.

வேறு இடங்களிலும் நரம்பு சிக்கும். கைலிக்கு மேல் பச்சை பெல்ட்டை இறுக்கிக் கட்டும் நம் பெரியவர்களுக்கும், தொப்பை உள்ளவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும் தொடையின் வெளிப்பக்கம் எரியலாம், மரக்கலாம். பெல்ட்டைத் தளர்த்துவதே பாதி வைத்தியம். கணுக்காலின் உள்பக்கம் சிக்கினால் உள்ளங்கால் எரியும். முன்பக்கம் குறுகிய செருப்பு அணியும் பெண்களுக்கு விரல்களுக்கு இடையில் கல்லை மிதித்தது போல் வலிக்கும்.

இரண்டு நோய்களை ஒதுக்காமல் 'நரம்பு சிக்கல்' என்று முடிவு செய்யக் கூடாது. ஒன்று சர்க்கரை. அது பெரும்பாலும் இரண்டு பாதங்களிலும் காலுறை போட்ட அளவுக்கு மரத்துப்போகச் செய்யும். மற்றொன்று தொழுநோய். உணர்ச்சியற்ற தேமலும், முழங்கால் ஓரத்தில் கயிறு போல் தடித்த நரம்பும் அதன் அடையாளங்கள். இதை வெளியே சொல்ல வெட்கப்படுகிறோம். ஆனால் அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம், வகையைப் பொறுத்து 6 அல்லது 12 மாதம்தான். நரம்பு பாதிப்பு தொடங்கி ஆறு மாதத்துக்குள் ஸ்டீராய்டு சிகிச்சை தொடங்கினால் பலம் திரும்ப வாய்ப்பு அதிகம். கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட் 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்து, தொழுநோயாளிகளின் செயலிழந்த கைகால்களுக்கு, வேலை செய்யும் தசைநாரை இடம் மாற்றித் தைக்கும் அறுவையை வளர்த்தெடுத்தார். எந்தக் காரணத்தால் பாதம் தொங்கினாலும், நரம்பு மீளாவிட்டால் இன்றும் அந்த வழி இருக்கிறது.

அழுத்தத்தால் மட்டும் வந்தது என்றால் பெரும்பாலோர்க்குச் சில வாரங்களிலோ மூன்று மாதத்துக்குள்ளோ குணம் தெரியும். குந்துவதையும் கால் மேல் கால் போடுவதையும் நிறுத்த வேண்டும். பாதம் தொங்காமல் தாங்கும் ஸ்பிளிண்ட் அணிய வேண்டும், பிசியோதெரபிஸ்ட் சொல்லும் பயிற்சிகளை விடக் கூடாது. நரம்பு அறுபட்டு வளர வேண்டியிருந்தால் நாளுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் வளரும், அவசரப்பட்டுப் பயனில்லை. மூன்று, நான்கு மாதத்தில் முன்னேற்றமே இல்லையென்றால் ஸ்கேன் எடுத்து, நீர்க்கட்டி அழுத்துகிறதா என்று பார்த்து, தேவைப்பட்டால் அறுவை மூலம் நரம்பை விடுவிப்பார்கள். முழங்கால் ஓரத்தை அழுத்தித் தேய்ப்பதும், மரத்த காலில் சூடான ஒத்தடம் வைப்பதும் கேடு. பி12 ஊசி, அந்தச் சத்து குறைந்தவர்களுக்குத்தான் உதவும். மெட்ஃபார்மின் நெடுநாள் சாப்பிடுகிறவர்கள் அதைச் சோதித்துக்கொள்ளலாம்.

திடீரென்று முகம் கோணுதல், பேச்சுக் குழறுதல், ஒரு பக்கக் கையும் சேர்ந்து விழுதல் இருந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம். சிறுநீர் அடைபட்டு, தொடை இடுக்கு மரத்துப் போனால் தண்டுவட நரம்புகள் நசுங்குகின்றன. இரண்டிலும் அடுத்த நாள் வரை காத்திருக்க வேண்டாம், 108ஐ அழையுங்கள்.

தொழுகை பற்றிக் கேட்கிறார்கள். அத்தஹிய்யாத்தில் அமர்வது வேறு, அமரும் முறை வேறு. இஃப்திராஷ், தவர்ருக் ஆகிய முறைகள் ஷாஃபிஈ, ஹனஃபீ இரு மத்ஹபுகளிலும் சுன்னத்தானவை. கால் இடம் கொடுக்காவிட்டால் வசதிப்படி நீட்டி அமரலாம், தொழுகை குறைவுபடாது. நிற்க இயலாதவர் உட்கார்ந்தும், அதுவும் இயலாதவர் ஒருக்களித்தும் தொழலாம் என்று நபி (ஸல்) அவர்கள் இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்குச் சொன்ன ஹதீஸ் புகாரியில் உள்ளது. ஸ்பிளிண்ட் கழற்றக் கூடியது என்பதால் உளூவில் கழற்றிக் காலைக் கழுவ வேண்டும். கழுவும்போதே உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். மரத்த காலில் முள் தைத்தாலும் தெரியாது. சித்திரை வெயிலில் பள்ளிவாசல் முற்றத்துத் தளத்தில் வெறுங்காலுடன் நடந்து உள்ளங்கால் கொப்புளித்த சர்க்கரை நோயாளிகளை நாம் பார்த்திருக்கிறோம். ஹவ்ளிலிருந்து வாசல் வரை ஒரு பாய் விரித்து வைக்க நிர்வாகிகளிடம் சொல்லுங்கள்.